கத்தியோடு வந்த நோய்

பயிர்நோய்களின் வரலாறு – 14

அயர்லாந்தைப் பட்டினி போட்ட உருளைக்கிழங்குக் கருகலோடு சென்ற இதழில் நிறுத்தினோம். இந்த முறையும் பயிர் உருளைக்கிழங்குதான். இடம் மட்டும் அமெரிக்காவின் கிழக்குக் கரை. காலம் முதல் உலகப்போர் முடிந்த கையோடு. கருகல் நோய் சில நாட்களில் வயலையே அழுகவைத்து ஊரெல்லாம் நாற்றமெடுக்கச் செய்யும். இப்போது சொல்லப்போகும் நோய்க்கு அந்த ஆர்ப்பாட்டம் கிடையாது. செடி சாகாது, பச்சையாகவே நிற்கும். இலைகள் சிறுத்து, கொஞ்சம் விறைப்பாக நிமிர்ந்திருக்கும், அவ்வளவுதான். மண்ணைக் கிளறினால்தான் சங்கதி தெரியும். உருண்டிருக்க வேண்டிய கிழங்கு நீண்டுபோய் இரண்டு முனையும் கூம்பியிருக்கும். கண்கள் வழக்கத்தைவிட அதிகம். ஒவ்வொரு கண்ணுக்கு மேலும் புருவம் வைத்தாற்போல் ஒரு தடிப்பு. சில ரகங்களில் தோல் வெடித்தும் கிடக்கும். சந்தையில் யார் வாங்குவார்கள்?

1922-ல் நியூஜெர்சியில் டபிள்யூ. எச். மார்ட்டின் இதை ஒரு புதிய தொல்லை என்று பதிவு செய்தார். நூல் நூற்கும் கதிரின் வடிவம் என்பதால் கதிர்க்கிழங்கு நோய் என்ற பொருளில் பெயர் அமைந்தது. அடுத்த ஆண்டே மெய்ன் மாநிலத்தில் ஷுல்ட்ஸும் ஃபோல்சமும் இது ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குத் தொற்றக்கூடியது என்று காட்டினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. அப்படியென்றால் வைரஸ். அந்தக் காலத்துத் தருக்கம் அவ்வளவுதான். அதில் குறை சொல்லவும் முடியாது. புகையிலைத் தேமல் நோயில் பெய்ஜரிங்க் போட்டுக்கொடுத்த பாதை அது என்பதை இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளில் பார்த்திருக்கிறோம். இப்படியாக, யாரும் கண்ணால் பார்க்காத ஒரு வைரஸின் பெயரில் இந்த நோய் 40 ஆண்டுகளுக்கு மேல் பாடப்புத்தகங்களில் குடியிருந்தது.

அது எப்படிப் பரவியது என்பது மட்டும் சீக்கிரமே விளங்கிவிட்டது. உருளைக்கிழங்கை விதை போட்டு வளர்ப்பதில்லை. விதைக்கிழங்கைக் கண்ணுக்கு ஒரு துண்டாக வெட்டி நடுவார்கள். ஒரே கத்தி, மூட்டை மூட்டையாகக் கிழங்கு. நோயுள்ள ஒரு கிழங்கை வெட்டிய கத்தியில் ஒட்டியிருக்கும் சாறு அடுத்தடுத்த கிழங்குகளுக்குப் போய்ச் சேரும். பயிர் வளர்ந்த பிறகு வரிசைக்கு நடுவே போகும் டிராக்டரின் சக்கரமும், இலைகளை உரசிக்கொண்டு நடப்பவரின் உடுப்பும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். பூச்சி எதுவும் வேண்டியதில்லை. விவசாயியே போதும்.

ஆனால் ஆராய்ச்சி நகரவில்லை. காரணம், காத்திருப்பு. ஒரு கிழங்கில் நோய் இருக்கிறதா என்று பார்க்க அதை நட்டு, வளர்த்து, தோண்ட வேண்டும். முதல் பருவத்தில் அறிகுறி மங்கலாகவே இருக்கும். ஒரு கேள்விக்கு விடை காண ஓர் ஆண்டு, சில சமயம் இரண்டு. இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர்கள் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் இருந்த வில்லியம் ரேமரும் மியூரியல் ஓ'பிரையனும். 1962-ல் அவர்கள் உருளைக்கிழங்கை விட்டுவிட்டு அதன் பங்காளியான தக்காளியிடம் போனார்கள். ரட்கர்ஸ் என்ற ரகத்துத் தக்காளி நாற்றின் இலைமீது கார்போரண்டம் தூளைத் தூவி, நோயுற்ற செடியின் சாற்றைத் தேய்த்து, வெதுவெதுப்பான பசுமைக்குடிலில் வைத்தால் சில வாரங்களில் இலை முறுக்கிக்கொள்கிறது, செடி குட்டையாக நின்றுவிடுகிறது. ஆண்டுக் கணக்கு வாரக் கணக்காயிற்று. பின்னால் வந்த பெரிய கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் அடியில் இருப்பது இந்தத் தக்காளி நாற்றுதான். விலையுயர்ந்த எந்திரங்களுக்குக் கிடைக்கும் மரியாதை அதற்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

விலையுயர்ந்த எந்திரமும் வந்தது. ரேமர் நோய்ச்சாற்றை அதிவேகச் சுழற்சி எந்திரத்தில் சுற்றினார். வைரஸ் என்றால் புரத உறைக்குள் மரபுப்பொருள் அடைபட்ட துகள், கனமானது. சுற்றினால் குழாயின் அடியில் படிய வேண்டும். படியவில்லை. மேலே தெளிந்து நின்ற நீரை எடுத்துத் தக்காளியில் தேய்த்தால் நோய் வந்தது. அடியில் படிந்ததில் ஏதும் இல்லை என்று சொல்லலாம்.

இங்கே நுழைகிறார் தியோடர் ஓட்டோ டீனர். 1921-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பிறந்தவர். அங்கேயே முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா வந்து, 1959 முதல் பெல்ட்ஸ்வில்லில் வேலை. அவசரப்படாத மனிதர் என்பதை அவருடைய கட்டுரைகளின் வரிசையே சொல்லும். முதலில் ஃபீனால் சேர்த்துப் பார்த்தார். ஃபீனால் புரதத்தை நீக்கிவிடும். உறை இருந்தால் அது கழன்று, சாறு எந்திரத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஒரு மாற்றமும் இல்லை. கழல்வதற்கு உறையே இல்லை. அடுத்து, டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தார், நோய் அசையவில்லை. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்ததும் நோய் காணாமல் போயிற்று. 1967-ல் 'சயன்ஸ்' இதழில் டீனரும் ரேமரும் எழுதினார்கள்: இந்த வைரஸ், உறையில்லாத வெறும் நியூக்ளிக் அமிலம் போல நடந்துகொள்கிறது. அப்போதும் வைரஸ் என்றுதான் எழுதினார்கள். வேறு என்னவென்று எழுதுவது?

அது வெற்று ஆர்.என்.ஏ. என்பதுகூட அந்தக் காலத்தில் பெரிய அதிர்ச்சி இல்லை. புகையிலைத் தேமல் வைரஸின் உறையைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ.வை மட்டும் தேய்த்தாலும் நோய் வரும் என்பது 1956-லேயே தெரிந்த செய்தி. அளவு தெரிந்தபோதுதான் கலவரம் தொடங்கியது. ஜெல் பலகையில் மின்சாரத்தைப் பாய்ச்சி ஆர்.என்.ஏ. துண்டுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் முறை அப்போது புதிது. டீனர் நோய்ச்சாற்றை அதில் ஓடவிட்டார். நோய்க்காரணி எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவு சொற்ப அளவு. ஆகவே ஜெல்லைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஊறவைத்து, அந்த நீரைத் தக்காளியில் தேய்த்துவிட்டு வாரக் கணக்கில் காத்திருந்தார். எந்தத் துண்டின் தக்காளி குட்டையானதோ அங்கே இருக்கிறது எதிரி. வேகமாக ஓடும் சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ.க்களின் இடம் அது. அவர் போட்ட கணக்கில் மூலக்கூறு எடை சுமார் 50,000. தனித்து வாழத் தெரிந்த வைரஸ்களின் ஆர்.என்.ஏ.வுக்கு அன்று சொல்லப்பட்ட கீழ்வரம்பு ஏறக்குறைய 10 லட்சம்.

1971-ல் வந்த கட்டுரையில் டீனரின் பெயர் மட்டுமே இருக்கிறது. அதில்தான் 'வைராய்டு' என்ற பெயரும் முன்வைக்கப்பட்டது. ஆட்சேபணைகள் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம், அவற்றில் நியாயமும் இருந்தது. தன்னைப் பெருக்கிக்கொள்ள நொதி வேண்டும்; நொதிக்குக் குறிப்பு எழுதக்கூட இந்தத் துண்டில் இடம் போதாது. பெரிய வைரஸ் ஒன்றின் துணையோடு மட்டும் பெருகும் ஒட்டுண்ணி வைரஸ்கள் ஏற்கெனவே தெரிந்திருந்தன. ஆகவே இதற்கும் ஒரு துணை வைரஸ் செடிக்குள் எங்கோ ஒளிந்திருக்கும்; அல்லது பல துண்டுகள் சேர்ந்துதான் நோய் தருகின்றன; உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார்கள். டீனர் வேறுவேறு இனச் செடிகளில் தேய்த்துப் பார்த்தார், துணை என்று எதுவும் அகப்படவில்லை. அதற்குள் கலிபோர்னியாவில் செமான்சிக்கும் வெதர்ஸும், ஜெர்மனியில் ஹைன்ஸ் சேங்கரும் எலுமிச்சைக் குடும்பத்து நோய் ஒன்றில் இதே மாதிரியான குட்டி ஆர்.என்.ஏ.வைப் பிடித்துவிட்டார்கள். ஒரு பயிரில் கண்டது பிழையாக இருக்கலாம். இரண்டு பயிரில், மூன்று ஆய்வகங்களில்?

1973-ல் முதல்முறையாக அது கண்ணுக்குத் தெரிந்தது. சூரிக்கின் மின்னணு நுண்ணோக்கி வல்லுநர்களோடு சேர்ந்து எடுத்த அந்தப் படத்தில், அளவு காட்டுவதற்காக ஒரு பாக்டீரிய வைரஸின் டி.என்.ஏ.வையும் கலந்து வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. நீண்ட நூலாக நெளிந்து கிடக்கிறது. அதன் பக்கத்தில் ஆங்காங்கே சின்னக் குச்சிகள், மில்லிமீட்டரை 20,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நீளம். அந்தக் குச்சிதான் ஒரு வயலின் கிழங்கையெல்லாம் கோணலாக்கியது. 1976-ல் சேங்கரின் குழு அது குச்சியல்ல, வளையம் என்று காட்டியது. முனையே இல்லாத ஆர்.என்.ஏ. வளையம், எதிரெதிர்ப் பக்கங்கள் பெரும்பாலும் இணைந்து ஒட்டிக்கொண்டதால் குச்சியாகத் தெரிகிறது. 1978-ல் மியூனிக் அருகே மார்ட்டின்ஸ்ரீடில் ஹான்ஸ் கிராஸும் கூட்டாளிகளும் வளையத்தை எழுத்து எழுத்தாக வாசித்து முடித்தார்கள். 359 எழுத்துகள். புகையிலைத் தேமல் வைரஸுக்கு சுமார் 6,400. இந்த 359-ல் எந்தப் புரதத்துக்கும் குறிப்பு இல்லை.

பிறகு எப்படிப் பெருகுகிறது? செடியின் உழைப்பில். செல்லின் உட்கருவில் டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதி ஒன்று உண்டு. ஆர்.என்.ஏ.வைப் பார்த்து எழுதுவது அதன் வேலையே அல்ல. வைராய்டு அதை ஏமாற்றித் தன்னைப் பார்த்து எழுதவைக்கிறது. வளையத்துக்கு முடிவு இல்லாததால் நொதி சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டே போகும்; நீண்டு வரும் படி பிறகு அளவாக வெட்டுப்பட்டு மறுபடி வளையமாகும். அவகாடோ மரத்தின் வைராய்டு போன்ற சிலவற்றில் வெட்டுவதற்கு நொதிகூடத் தேவையில்லை, அந்த ஆர்.என்.ஏ. தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ராபர்ட் சைமன்ஸின் குழு 1986-ல் இதைக் கண்டது.

நோய் எப்படி வருகிறது என்பது அதைவிட மெதுவாகத்தான் விளங்கியது. அந்நிய ஆர்.என்.ஏ.வைக் கண்டால் செடி அதை 20 சொச்சம் எழுத்துள்ள துணுக்குகளாக நறுக்கி, அதே எழுத்து வரிசை எங்கே இருந்தாலும் அழி என்று தன் காவல் நொதிகளுக்குக் கொடுத்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் துணுக்கின் வரிசை தற்செயலாகச் செடியின் சொந்த மரபணு ஒன்றோடு பொருந்திவிட்டால், அந்த மரபணுவும் சேர்ந்து அடங்கிப்போகும். பீச் மரத்தின் இலைகளை வெளுக்கவைக்கும் வைராய்டு இப்படித்தான் வேலை செய்கிறது என்று ரிக்கார்டோ ஃபுளோரெஸ் உள்ளிட்ட ஸ்பானிய, இத்தாலிய ஆய்வாளர்கள் 2012-ல் நிறுவினார்கள். எல்லா வைராய்டுக்கும் இதே விளக்கம் பொருந்துமா என்பது தனி வழக்கு.

இடையில் ஒரு சுவையான கிளைக்கதை. ஆடுகளின் மூளையை அரிக்கும் ஸ்கிரேப்பி என்ற நோயின் காரணியும் அளவில் மிகச் சிறியது, வைரஸ் இலக்கணத்துக்குள் அடங்காதது. அதுவும் வைராய்டாக இருக்குமோ என்று 1972-லேயே டீனர் கேட்டார். பத்தாண்டு கழித்து ஸ்டான்லி புருசினருடன் சேர்ந்து அவரே எழுதிய கட்டுரையில் இல்லை என்ற விடை வந்தது. இங்கே ஆர்.என்.ஏ. மட்டும், புரதம் இல்லை. அங்கே புரதம்தான் பிரதானம். புருசினருக்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது. டீனருக்கு 1987-ல் உல்ஃப் பரிசும் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கமும் கிடைத்தன, நோபல் வரவில்லை. வேளாண்மைக்கென்று நோபலில் ஒரு பிரிவு இல்லாததன் விளைவுகளில் ஒன்றாகவே இதை நான் பார்க்கிறேன். 2023-ல் தமது 102-வது வயதில் அவர் காலமானார்.

இனி வயலுக்குத் திரும்புவோம். வைராய்டு நோய்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த ஆண்டு முதலில் கண்ணில் பட்டது என்று பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். ஏறக்குறைய எல்லாமே 20-ஆம் நூற்றாண்டு. கோதுமையின் துரு நோய் ரோமானியர்களுக்குத் தெரியும். வைராய்டு நோய்களுக்கு அப்படிப்பட்ட பூர்வீகம் எதுவும் இல்லை. ஒரே தாய்ச்செடியிலிருந்து லட்சக்கணக்கில் குச்சி வெட்டி, ஒட்டு கட்டி, ரயிலிலும் கப்பலிலும் அனுப்பத் தொடங்கிய பிறகு வந்தவை இவை.

கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் 1948-ல் ஃபாசெட்டும் கிளாட்ஸும் விவரித்த எக்சோகார்ட்டிஸ் ஓர் உதாரணம். மூவிலை ஆரஞ்சு என்ற வேர்ச்செடியின்மேல் ஒட்டுக் கட்டிய மரங்களில், ஒட்டுக்குக் கீழே மட்டும் பட்டை செதில் செதிலாக உரிந்தது, மரம் குள்ளமாயிற்று. மேலே இருக்கும் ஆரஞ்சு ரகம் வைராய்டைச் சத்தமில்லாமல் சுமந்துகொண்டு நன்றாகவே இருக்கும். அதன் மொட்டை எடுத்துத் தாங்காத வேர்ச்செடியில் கட்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஒட்டுக் கத்தியும் கவாத்துக் கத்தரியும் அதைத் தோப்பு முழுக்கக் கொண்டுபோயின. கத்தியை நெருப்பில் காட்டினால்கூட நம்ப முடியாது என்று கண்டு, சலவைக்குப் போடும் பிளீச்சிங் கரைசலில் முக்கச் சொன்னார்கள். இன்றும் அதுவே வழி. ஆஸ்திரேலியர்கள் இதிலும் ஒரு லாபம் பார்த்தார்கள்: நியூசவுத்வேல்ஸில் மரத்தைக் குள்ளமாக வைத்து நெருக்கி நடுவதற்காகவே மிதமான வைராய்டை வேண்டுமென்றே ஏற்றினார்கள்.

சாமந்தியின் கதை இன்னும் வேகமானது. 1945 வாக்கில் அமெரிக்கப் பூந்தோட்டங்களில் குட்டைச் சாமந்தி தென்பட்டது; ஓரிரு ஆண்டுகளுக்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. அங்கே சாமந்தி வளர்ப்போர் பலர் தாங்களே குச்சி எடுப்பதில்லை. குச்சி வெட்டி விற்கும் பெரிய நிறுவனங்களிடம் வாங்குவார்கள். தாய்ச்செடியில் வைராய்டு இருந்தால் அறிகுறி தெரிய மாதக்கணக்கு ஆகும். அதற்குள் குச்சிகள் பல மாநிலங்களுக்குப் போய் வேர்விட்டிருக்கும். செடி பாதி உயரத்தில் நிற்கும், பூ சிறுக்கும், சில நிறங்கள் வெளுக்கும். அதுவும் வைராய்டுதான் என்பது 1973-ல் தெரிந்தது.

ஜப்பானில் பீருக்குக் கசப்பூட்டும் ஹாப் கொடி குட்டையானது. அதன் பூக்காயில் கசப்புப் பிசின் குறைந்தது. 1977-ல் சசாகியும் ஷிகாத்தாவும் அதில் வைராய்டு இருப்பதைக் காட்டினார்கள். இது எங்கிருந்து வந்தது என்று தெருவோ சானோவும் மற்றவர்களும் தேடியபோது கை நீண்டது திராட்சைப் பந்தலை நோக்கி. திராட்சைக்கு இந்த வைராய்டால் ஒரு நோவும் இல்லை. வெவ்வேறு பயிர்களிலிருந்து எடுத்த வைராய்டுகளை ஹாப் கொடிகளில் ஏற்றி 15 ஆண்டுகள் வளரவிட்டுப் பார்த்தார்கள். திராட்சையிலிருந்து வந்தது மெல்ல மெல்ல எழுத்து மாறி, வயலில் நோய் பரப்பும் வடிவத்துக்கே வந்து சேர்ந்தது. திராட்சையும் ஹாப்பும் அருகருகே பயிராகும் இடத்தில் ஒரே ஆள் ஒரே கத்தரியோடு இரண்டிலும் வேலை பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

உருளைக்கிழங்கு வைராய்டின் பூர்வீகத்தையும் டீனர் ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. 1996-ல் அவரும் மெக்சிகோ ஆய்வாளர்களும் அங்கே காட்டில் வளரும் உருளையின் உறவினச் செடியில் மிக நெருங்கிய ஒரு வைராய்டைக் கண்டார்கள். செடிக்கு அதனால் எந்தக் கேடும் இல்லை. அவர்கள் முன்வைத்த ஊகம் இது: அயர்லாந்துக் கருகலுக்குப் பிறகு, கருகலைத் தாங்கும் ரகம் உருவாக்குவதற்காக மெக்சிகோவின் காட்டு உருளைகளைத் தேடித் தேடிக் கொண்டுவந்தார்கள் அல்லவா, அந்தச் செடிகளோடு வைராய்டும் வந்து நம் உருளைக்கு மாறியிருக்கலாம். நிரூபணம் அல்ல, ஊகம்தான். ஆனால் காலமும் இடமும் பொருந்துகின்றன. எனக்கு நம்பத் தகுந்ததாகவே படுகிறது.

இதுவரை சொன்னதில் கை நம்முடையது, கத்தி நம்முடையது. பிலிப்பைன்ஸுக்குப் போனால் இந்த வாதம் உதைக்கிறது.

லூசோன் தீவின் தென்கிழக்கில் பிகோல் வட்டாரம். அல்பாய் மாகாணத்துக் கரைக்கு எதிரே சான் மிகுவெல் என்று ஒரு சின்னத் தீவு; தீவெங்கும் தென்னை. அங்கே தென்னைகள் மெல்லச் சாவது 1930களின் தொடக்கத்தில் பேச்சாயிற்று. காடங்-காடங் என்பது உள்ளூர்ப் பெயர். பிலிப்பைன்ஸ் பயிர்நோயியலின் முன்னோடியான ஜெரார்டோ ஒக்ஃபேமியா 1937-ல் இது வைரஸாக இருக்கலாம் என்று எழுதினார். சுமார் 2.5 லட்சம் மரங்கள் இருந்த அந்தத் தீவில் 1962 வாக்கில் மிஞ்சியவை நூறு அளவில்தான். அதற்குள் நோய் லூசோன் பெருந்தீவுக்கும் சுற்றியுள்ள தீவுகளுக்கும் போய்விட்டது. மொத்தம் மூன்று முதல் நான்கு கோடி மரங்கள் செத்திருக்கும் என்பது மதிப்பீடு.

தென்னை வைத்திருப்பவர்கள் இதன் போக்கைக் கவனமாகப் படிக்க வேண்டும். முதலில் காயில்தான் தெரியும். காய் சிறுத்து உருண்டையாகும், நடுவில் வரி வரியாகக் கீறல் விழும். அந்தக் கட்டத்தில் மரம் நன்றாகத்தான் இருக்கும். காய் கொஞ்சம் சின்னது என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிறகு மட்டையில் மஞ்சள் புள்ளிகள், ஒளியூடுருவும் திட்டுகள். பாளை கருகும். இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குரும்பையே பிடிப்பது நின்றுவிடும். அதற்குப் பிறகும் மரம் சாகாது. மட்டை எண்ணிக்கை குறைந்து, கொண்டை சிறுத்து, மஞ்சளோடி, காய்க்காமல் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். கடைசியில் கொண்டை கழன்று விழ, மொட்டைத் தண்டு மட்டும் நிற்கும். முதல் அறிகுறியிலிருந்து அதுவரை எட்டு முதல் 16 ஆண்டுகள். இன்னொரு வினோதம்: பாளை விடாத இளமரத்தில் இது அரிதாகவே தெரியும். ஏழெட்டு ஆண்டு வளர்த்து, காய்க்கத் தொடங்கும் நேரத்தில் பிடித்துக்கொள்கிறது. நம் பக்கத்துத் தஞ்சாவூர் வாடலோடும் கேரள வேர்வாடலோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்னதற்குக் காரணம் பூஞ்சை, பின்னதற்கு ஃபைட்டோபிளாஸ்மா.

அடிலெய்டிலிருந்து ஜான் ராண்டில்ஸ் என்ற ஆஸ்திரேலியர், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பணிக்காக பிகோல் வந்தார். நோயுற்ற மரங்களின் மட்டையில் மட்டும் இருந்து, நல்ல மரத்தில் இல்லாத இரண்டு குட்டி ஆர்.என்.ஏ.க்களை அவர் 1975-ல் அறிவித்தார். வைராய்டுதான். 1982-ல் முழுவதும் வாசித்தபோது அதன் அடிப்படை வடிவத்தில் 246 எழுத்துகளே இருந்தன. அறியப்பட்ட வைராய்டுகளில் மிகச் சிறியது, உருவில் மிகப் பெரிய செடியைச் சாய்க்கிறது.

அதில் இன்னொரு விந்தையையும் அவர்கள் பார்த்தார்கள். நோய் முற்ற முற்ற வைராய்டும் பெரிதாகிறது. தன்னிலேயே ஒரு பகுதியை மறுபடி எழுதிக்கொண்டு 287 முதல் 301 எழுத்து வரை நீள்கிறது. மட்டைத் துண்டு ஒன்றை வாங்கி ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், மரத்தைப் பார்க்காமலே நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஏன் இப்படி நீள்கிறது, அதனால் அதற்கு என்ன லாபம்? தெளிவான விடை இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும், அது மரத்திலிருந்து மரத்துக்கு எப்படிப் போகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. தென்னையைக் கிழங்குபோல் வெட்டி நடுவதில்லை, ஒட்டுக் கட்டுவதும் இல்லை. அரிவாள்மேல் சந்தேகம் எழுந்தது. தேங்காய் வெட்டுபவரும் கள் இறக்குபவரும் மரத்துக்கு மரம் அதே அரிவாளோடு ஏறுகிறார்கள். ஆனால் அரிவாளை மட்டும் வைத்துக்கொண்டு, நோய் தோப்பில் பரவும் விதத்தை விளக்க முடியவில்லை. பூச்சிகளைக் கூட்டம் கூட்டமாகக் கூண்டில் அடைத்துச் சோதித்தார்கள், எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை. விதைக்காய் வழியாகவும் மகரந்தம் வழியாகவும் கொஞ்சம் போகிறது என்பது தெரிந்தது; மிகக் கொஞ்சம். நோயுற்ற மரங்களை வெட்டிச் சாய்க்கும் முயற்சியும் பெரிதாக உதவவில்லை. அறிகுறி தெரிந்து வெட்டும்போது, அறிகுறி காட்டாத மரங்களில் அது ஏற்கெனவே குடிபுகுந்து ஓராண்டுக்கு மேலாகியிருக்கும். வெட்டிய இடத்தில் புதுக் கன்று வைத்து, அது காய்த்து ஓயும் வரை வரும் வருமானத்தை எண்ணிக்கொள்வதே பிகோல் விவசாயிகளுக்குக் கிடைத்த நடைமுறை யோசனை.

தென்னையில் நடந்தது நடுக்கடல் தீவுகளின் சங்கதி என்று ஐரோப்பா இருந்துவிட முடியவில்லை. 2006-ல் நெதர்லாந்தில் வழக்கமான சோதனையின்போது, ஊமத்தைப் பூவைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி பூக்கும் புருக்மான்சியாவிலும், வீட்டு முகப்பில் படரவிடும் வெண்பூக் கொடி ஒன்றிலும் உருளைக்கிழங்கு வைராய்டு அகப்பட்டது. இரண்டுமே உருளைக் குடும்பத்துச் செடிகள். இரண்டிலும் நோய்க்குறி எதுவும் இல்லை. கடைகளில் தளதளவென்று விற்பனைக்கு இருந்தன. தேடத் தேட இன்னும் பல நாடுகளில் கிடைத்தது. தக்காளிப் பசுமைக்குடில்களில் அவ்வப்போது வெடித்த நோய்க்கு மூலம் எதுவென்று அப்போதுதான் புரிந்தது. 2007-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த இரண்டு செடிகளுக்கும் சோதனைச் சான்று வேண்டும் என்று அவசர விதி போட்டது. உருளைக்கிழங்கு வயலை ஆயிரம் விதிகளால் காவல் காத்தவர்கள், பூந்தொட்டியைப் பார்க்க மறந்திருந்தார்கள்.

வைராய்டு செடிகளோடு நிற்கிறதா? நின்றுவிட்டது என்றுதான் நீண்ட காலம் எண்ணியிருந்தார்கள். 1977-ல் இத்தாலியின் தூரின் நகரில் மரியோ ரிசெத்தோ என்ற இளம் மருத்துவர், மஞ்சள்காமாலை நோயாளிகளின் கல்லீரலில் யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு பொருளைக் கண்டார். அதன் மரபுப்பொருளைப் பின்னால் பிரித்துப் பார்த்தபோது அது ஆர்.என்.ஏ. வளையம், எதிரெதிர்ப் பக்கங்கள் ஒட்டி, குச்சியாக நின்றது. அதன் பங்குக்கு ஒரு புரதத்தின் குறிப்பும், மேலே போர்த்திக்கொள்ள வேறொரு வைரஸிடமிருந்து கடன் வாங்கிய உறையும் இருந்தன. அடுத்த இதழில் கொஞ்சம் வயலை விட்டு விலகி, தூரின் மருத்துவமனைக்குப் போவோம்.